விருந்தும் வேற்றுமையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், “விருந்தோம்பல் அதிகாரம் பற்றிப் பேசப் போகிறீர்களா அம்மா?” என்று கேட்டார். இல்லை. நான் பேசவிருப்பது ஓர் இலத்தீன் சொல்லைப் பற்றி. தமிழ் கற்பிக்கும் இவளுக்கு இலத்தீன் எதற்கு என்று நீங்கள் எண்ணுவது எனக்குப் புரிகிறது. எனினும் அச்சொல் நமக்கு முற்றிலும் அயல் அன்று. நோயுற்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்; பசித்தால் ஓட்டலுக்குப் போகிறோம்; வெளியூரில் படிக்கும் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கிறோம். ஐரோப்பியர் வாய்வழி நமக்கு வந்துசேர்ந்த இம்மூன்று சொற்களும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். அத்தாய், ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் பெயர்ச்சொல்.

இச்சொல்லோடு எனக்கு ஏற்பட்ட முதற்பழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக ஐரோப்பியப் பாதிரிமார் எழுதிய தமிழ் இலக்கணங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது 1738ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சேறியது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி ஆய்வு செய்வதற்கு மனம் ஒப்பவில்லை. முதியவர் ஒருவரிடம், குருமடத்தில் பல்லாண்டு இலத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர், மாலை வேளைகளில் பாடம் கேட்கத் தொடங்கினேன். ஒருநாள் பயிற்சிக்காக அவர் எழுதித் தந்த தொடரை நான், ‘களைத்து வந்தவரை விருந்தினர் வாயிலில் எதிர்கொண்டார்’ என மொழிபெயர்த்துக் கொண்டுபோனேன். அவர் திருத்தவில்லை. பென்சிலால் ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதினார்: “யார் வீட்டில்?”

அகராதியைப் புரட்டினேன். ‘ஹோஸ்பெஸ்’ என்பதற்கு விருந்தினர் என்றும் பொருள். விருந்து ஓம்புபவர் என்றும் பொருள். வருபவரும் வரவேற்பவரும் ஒரே பெயருக்கு உரியவர். இதனோடு அமையவில்லை. ஊரறியாத அயலார், வழிப்போக்கர் என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. பிரெஞ்சு மொழியில் இன்றுவரை ‘ஓத்’ என்னும் ஒரே சொல் இருவரையும் குறித்து வருகிறது. நாம் இதனை மயக்கம் என்போம். உரோமானியருக்கு அது மயக்கமாகப் பட்டிருக்காது என்றே கருதுகிறேன். விருந்துரிமை என்பது அவர்களிடையே இரு குடும்பங்களுக்கிடையேயான உறவு. தந்தைக்குப்பின் மகனுக்கும் தொடர்வது. இன்று உன் வீட்டுத் திண்ணையில் நான். நாளை என் வீட்டுத் திண்ணையில் நீ. இருவரையும் ஒரே பெயரால் அழைப்பதில் பிழை என்ன?

சொல்லின் அமைப்பைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். இதன் எழுவாய் வடிவம் ஹோஸ்பெஸ். பிற வேற்றுமைகளில் ‘ஹோஸ்பிட்’ என்னும் அடிச்சொல் வெளிப்படும். (டகரத்தை வல்லொலியாகவே ஒலிக்க வேண்டுகிறேன்.) ஹோஸ்பிடிஸ் என்பது ஆறாம் வேற்றுமை, விருந்தினது. ஹோஸ்பிடி என்பது நான்காவது, விருந்துக்கு. ஹோஸ்பிடெம் என்பது இரண்டாவது, விருந்தை. ஹோஸ்பிடெ என்பதில் நம் மூன்றாவதும் ஐந்தாவதும் ஏழாவதும் பெரும்பாலும் ஒன்றாய் அடங்கிவிடும். பன்மையில் ஹோஸ்பிடேஸ், ஹோஸ்பிடும், ஹோஸ்பிடிபுஸ். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஆறு. விளிக்கெனத் தனி உருவம் இச்சொல்லுக்கு இல்லை. எழுவாயே விளியாகி நிற்கும். ஆண்பால் பெண்பால் இரண்டற்கும் பொதுவாக வரும். ‘ஹோஸ்பிடா’ எனப் பெண்பாலுக்குத் தனி வடிவமும் உண்டு. வாய்பாட்டை மனப்பாடம் செய்யும்போது எனக்கும் சலிப்புத்தான். அதன் பயன் பின்னரே விளங்கிற்று.

அடிச்சொல்லை மேலும் பகுத்தால் மொழிநூலார் இரண்டு உறுப்புகளைக் காட்டுவர். பின்னுறுப்பு, தலைவன் என்னும் பொருளது. வடமொழிப் ‘பதி’யோடு உறவுடையது. தம்பதி என்னும் சொல்லில் நாம் நாள்தோறும் வழங்குகிறோமே, அதே பதி. முன்னுறுப்பு ‘ஹோஸ்டிஸ்’ என்னும் தனிச்சொல். ஆக, ‘ஹோஸ்டிஸுக்குத் தலைவன்’ என்பதே ஹோஸ்பெஸ். சரி, ஹோஸ்டிஸ் என்றால் யார் என்று அகராதியைப் பார்க்கிறோம். அங்கே நமக்குக் கிடைக்கும் பொருள், பகைவன்!

விருந்தினனின் வயிற்றுக்குள் பகைவன் எப்படி வந்து புகுந்தான்? இக்கேள்வியை உரோமானியரே தமக்குள் கேட்டுக்கொண்டனர். வாரோ தம் இலத்தீன் மொழி நூலில், முன்னோர் காலத்தில் ஹோஸ்டிஸ் என்றது தனக்குரிய சட்டங்களின்படி வாழும் அயலானை. பகைவனுக்கு வேறு சொல் இருந்தது. பின்னர் அயலானின் சொல் பகைவனுக்குப் போயிற்று என்று எழுதுகிறார். சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டு தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதனையே தொடுகிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டங்களிலிருந்து அவர் சான்று காட்டுகிறார். அங்கே ஹோஸ்டிஸோடு வழக்காட நாள் குறிப்பது பற்றிய பேச்சு வருகிறது. பகைவனோடு யார் தவணை குறித்து வழக்காடுவார்? அயலானோடு தானே? கொடிய செயலை மென்மையான சொல்லால் மூடினர் நம் முன்னோர், ஆனால் காலப்போக்கில் அச்சொல்லே கடுமையாகிவிட்டது என்பது சிசரோவின் விளக்கம். முன்னோர் பெருமை பேசும் ஆர்வம் அவருக்குச் சற்று மிகுதி. மென்மை காட்டத் தேர்ந்த சொல்லா அது, அன்றி அயலான்மேல் அச்சம் ஏற ஏறத் தானே கறுத்துப்போன சொல்லா? வாரோ கூறுவதில் பாராட்டு இல்லை. ஆகவே அவரையே நான் கூடுதலாக நம்புகிறேன். ஆங்கிலத்தில் விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ என்னும் சொல் இதே ஹோஸ்டிஸின் உடன்பிறப்பு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே மூலம், வடக்கே போனது விருந்தாயிற்று, உரோமில் தங்கியது பகையாயிற்று.

தமிழில் இப்படி நேர்ந்ததுண்டா என்று அன்றிரவே தேடினேன். நேர்ந்ததுண்டு. விருந்து என்பதற்குத் தொல்காப்பியர் காலத்திலேயே புதுமை என்பது பொருள். புதியராய் வந்தவரை உணர்த்தி, பின் அவர்க்கு இடும் உணவையும் உணர்த்திற்று. வம்பு என்னும் சொல்லும் புதுமையைக் குறித்ததே. தொல்காப்பிய உரியியல் அதற்கு நிலையின்மை என்று பொருள் தருகிறது. சங்கப் பாடல்களில் வம்பலர் என்போர் வழிச்செல்லும் புதியவர். வம்ப மோரியர் என்பது புதிய மோரியரை. பாலைப் பாடல்களில் அந்த வம்பலர் மறவர் அம்புக்கு இரையாகிக் கற்குவியலின்கீழ்க் கிடக்கின்றனர். இன்று வம்பு என்றால் நமக்குச் சண்டை, அலர். புதுமையைக் குறித்த இரண்டு சொற்களுள் ஒன்று இலையில் அமர்ந்தது; மற்றொன்று தெருச்சண்டைக்குப் போயிற்று.

மீண்டும் உரோமுக்கு வருவோம். சொற்கள் பிரிந்தபின்னும் அவற்றுக்கிடையே கதவு அடைபடவில்லை. நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸ் கி.மு. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியவர். அவருடைய ஒரு நாடகத்தில் ஹோஸ்டிஸ் பழைய பொருளில், அயலான் என்னும் பொருளிலேயே, வருகிறது. ‘பொயனுலுஸ்’ என்னும் இன்னொரு நாடகத்தில் ஹன்னோ என்னும் கார்த்தேஜ் நகர முதியவர், காணாமற்போன தம் மகளிரைத் தேடி ஊர் ஊராக அலைந்து வருகிறார். மேடையில் தம் தாய்மொழியான பியூனிக் மொழியிலேயே பேசத் தொடங்குகிறார். அவர் கையில் ஒரு விருந்தடையாளம் இருக்கிறது. இரு குடும்பங்கள் விருந்துறவு பூணும்போது ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும் சின்னம் அது. பழைய நண்பரின் வளர்ப்பு மகன் தன் வீட்டிலுள்ள அடையாளத்தோடு அது பொருந்துவதைக் கண்டு அவரை ஏற்கிறான். இந்நாடகம் நடிக்கப்பட்ட காலத்தை எண்ணுங்கள். ஹன்னிபாலோடு நடந்த நெடும்போர் கி.மு. 201இல்தான் முடிந்தது. அரங்கில் அமர்ந்திருந்தோரில் பலர் அப்போரில் உறவை இழந்தவராய் இருந்திருப்பர். அவர்கள் கண்முன் நாட்டின் ஹோஸ்டிஸ் ஒருவர், ஹோஸ்பெஸ் என்னும் உரிமையோடு வீட்டுக்குள் வருகிறார். பிளாட்டஸ் சிரிப்புக்காகத்தான் எழுதினார். ஹன்னோவைக் கேலியும் செய்கிறார். எனினும் அம்முதியவரை வெறுக்கும்படி எழுதவில்லை.

வேற்றுமை வாய்பாட்டின் பயனைப் பின்னரே உணர்ந்தேன் என்றேன். அதனை உணர்த்தியது வெர்ஜிலின் ‘ஈனியட்’. வெர்ஜில் கி.மு. 19ஆம் ஆண்டில், அக்காப்பியத்தை முற்றத் திருத்தி முடிக்காமலே மறைந்தார். அதன் முதற்காண்டத்தில், அழிந்த திராயிலிருந்து தப்பிய ஈனியாஸ் புயலில் சிக்கிக் கார்த்தேஜ் கரையில் ஒதுங்குகிறான். அந்நகரை அமைத்துக்கொண்டிருக்கும் அரசி டைடோ அவனை ஏற்கிறாள். அவளும் தாய்நாடு இழந்து வந்தவள்தான். நான்காம் காண்டத்தில் காதல், பிரிவு, அவள் தற்கொலை. இக்கதையை அறியாதார் இவ்வவையில் சிலரே. நான் காட்ட விரும்புவது கதையை அன்று. அக்கதைக்குள் நம் சொல் எடுக்கும் வடிவங்களை.

முதலில் நான்காம் வேற்றுமைப் பன்மை, ஹோஸ்பிடிபுஸ். விருந்து மண்டபத்தில் மதுவை மேசைமேல் வார்த்துக் கடவுளை வேண்டும்போது டைடோ, விருந்தினர்க்கு உரிமை வழங்குபவனே என்று யூப்பித்தரை அழைக்கிறாள். விருந்தினர்க்கு என்றாலும் விருந்து ஓம்புவோர்க்கு என்றாலும் பொருந்தும். அவள் இருவரையும் சேர்த்தே வேண்டினாள் என்று கொள்வதே நேரியது. அடுத்து எழுவாய். மறுநாள் உறக்கமின்றித் தங்கை அன்னாவிடம், நம் இல்லம் வந்துள்ள இப்புதிய ஹோஸ்பெஸ் யாரோ என வியக்கிறாள். வாக்கியத்தின் எழுவாயாக, செயலுக்கு உரியவனாக அவன் நிற்கிறான். புதிய என்னும் அடையும் உடன் வருகிறது. விருந்து, புதுமை இரண்டும் நமக்கு ஒன்றென்று சற்றுமுன் சொன்னேன்; வெர்ஜில் அவற்றை இரு சொல்லாக அருகருகே வைக்கிறார்.

மூன்றாவதாக விளி. அவன் சொல்லாமல் கப்பலேறத் துணிந்ததை அறிந்ததும் அவனை நேரில் நிறுத்திக் கேட்கிறாள். சாகப்போகும் என்னை யாரிடம் விட்டுச் செல்கிறாய் என்று கேட்டு, ‘ஹோஸ்பெஸ்’ என விளிக்கிறாள். உடனே தன் சொல்லுக்குத் தானே உரை கூறுகிறாள்: கணவன் என்றிருந்ததில் இப்பெயர் ஒன்றுதானே எஞ்சியது! எழுவாய்க்கும் விளிக்கும் உருவில் வேறுபாடில்லை என்றேன் அல்லவா? தங்கையிடம் வியந்து சொன்ன அதே ஒலிதான் இங்கும். ஆனால் அன்று அது வளர்ந்துவரும் உறவின் முதற்பெயர். இன்று தேய்ந்துபோன உறவின் கடைசிப் பெயர். இவ்வடிகளை வெர்ஜில் அகஸ்டஸ் முன்னிலையில், சிலரே இருந்த அவையில், மிகுந்த உணர்ச்சியோடு படித்தார் என்று பழைய உரைகாரர் செர்வியஸ் குறிக்கிறார். உரைகாரர்கள் இப்படி ஒரு செய்தியைப் போகிறபோக்கில் விட்டுச்செல்வது நம் மரபிலும் உண்டு, அவர்களுக்குக் கடன்பட்டுள்ளோம்.

ஏறத்தாழ நூறு அடிகள் கழித்துச் சொல் மாறுகிறது. டைடோ இப்போது அவனிடம் பேசவில்லை. தங்கையைத் தூது விடுக்கிறாள்: போ, செருக்குற்ற அந்த ஹோஸ்டெமை வேண்டிக்கொள். இரண்டாம் வேற்றுமை. அவன் முன்னிலையிலிருந்து படர்க்கைக்குப் போய்விட்டான். விளிக்கப்படுபவன் செயப்படுபொருள் ஆகிவிட்டான். இவ்விடத்தில் பழைய உரையில் சுவையான குறிப்பு ஒன்றுண்டு. முன்னோர் வழக்குப்படி ஹோஸ்டிஸ் என்பதை இங்கு விருந்தினன் என்றே கொள்வர் சிலர் என்பது அது. அரசியின் வாயில் கடுஞ்சொல் வாராமல் காக்க விரும்பியவர்கள் போலும்! அவர்களைச் சிரித்து ஒதுக்க நான் விரும்பவில்லை. சொல்லின் பழம்பொருள் வெர்ஜில் செவியில் ஒலித்திருக்கும் என்பது உண்மை; அவர் பழஞ்சொல்லில் தோய்ந்தவர். ஆயினும் அவ்வுரை நிற்காது. ஏனெனில் பின்னும் ஒருமுறை அச்சொல் வருகிறது. நள்ளிரவில் தனித்திருந்து, எதிரே இல்லாத தங்கையை நொந்துகொள்கிறாள்: என் கண்ணீருக்கு இரங்கி நீதானே முதலில் என்னை ஹோஸ்டிக்கு எறிந்தாய்! அங்கே விருந்தினன் என்று பொருள் கொள்ள யாராலும் இயலாது.

அந்த ஹோஸ்டி நான்காம் வேற்றுமை என்பதைக் கவனியுங்கள். தொடங்கியதும் நான்காம் வேற்றுமை. முடிவதும் நான்காம் வேற்றுமை. முன்னது விருந்தினர்க்கு உரிமை கொடுத்தல். பின்னது பகைவனுக்குத் தன்னையே கொடுத்துவிட்டமை. நம் நன்னூலார் நான்காம் வேற்றுமையின் பொருள்களை வரிசைப்படுத்தும்போது கொடையை முதலில் வைத்து, பகையை அதற்கு அடுத்தே வைத்தார். வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் அவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறேன். இரண்டும் ஏன் அருகருகே இருக்கின்றன என்று ஒருநாளும் நான் நின்று எண்ணியதில்லை. இலத்தீன் படித்தபோதுதான் நின்றேன். பவணந்தியார்க்கு டைடோவைத் தெரியாது. ஆனால் கையில் ஒன்றை வைத்து ஒருவரை நோக்கி நீட்டுவது கொடைக்கும் பகைக்கும் பொதுவான செயல் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

அவள் இறந்தபின் நகரெங்கும் எழும் அழுகைக்கு வெர்ஜில் கூறும் உவமை, பகைவர் உட்புகக் கார்த்தேஜ் முழுதும் வீழ்ந்தாற்போல் என்பது. ஹோஸ்டிபுஸ் என்னும் பன்மை அங்கு வருகிறது. அது உவமை மட்டுமன்று. கி.மு. 146இல் உரோமப் படை அந்நகருக்குள் புகுந்து அதனை அழித்தது வெர்ஜிலின் வாசகர் அனைவர்க்கும் தெரியும். தம் முன்னோரே அந்த ஹோஸ்டேஸ் என்பதும் தெரியும். வென்றவர் மொழியில் எழுதிய புலவர், பகைவர் என்னும் சொல்லைத் தம் இனத்தின்மேல் விழும்படி விட்டுவைத்தார்.

முதியவரிடம் இதையெல்லாம் ஆர்வத்தோடு சொன்னேன். கேட்டுவிட்டு, “ஆறாம் காண்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார். படித்தேன். கீழுலகில், நிழல்கள் நடமாடும் காட்டில், ஈனியாஸ் டைடோவைக் காண்கிறான். இப்போது பேசுபவன் அவன். அழுகிறான், விருப்பமின்றியே உன் கரையை விட்டுப் போனேன் என்கிறான். அவள் நிலத்தையே நோக்கி நிற்கிறாள். விளிப்பதற்கு ஹோஸ்பெஸ் என்னும் சொல்லும் இல்லை. ஹோஸ்டிஸ் என்னும் சொல்லும் இல்லை. அவள் பேசவே இல்லை. சட்டெனத் திரும்பி, முதற்கணவன் காத்திருக்கும் நிழற்சோலைக்குள் போகிறாள். அப்படிப் போகிறவளுக்குப் புலவர் தரும் அடை, ‘இனிமிகா’.

இலத்தீனில் ஹோஸ்டிஸ் நாட்டுக்குப் பகைவன். இனிமிகுஸ் தனி ஒருவர்க்குப் பகையானவன். அமிகுஸ் என்றால் நண்பன். அதன்முன் எதிர்மறை சேர்ந்தது இனிமிகுஸ். பெண்பாலில் இனிமிகா, நட்பு இல்லாதவள். இச்சொல்லைப் படித்ததும் நம் பழம்புலவர் பகைவர்க்கு வழங்கிய பெயர்கள் எல்லாம் என் முன் வந்து நின்றன. நள்ளார், நண்ணார், ஒன்னார், சேரார், கூடார். எல்லாம் எதிர்மறையே. பகை என ஒன்று தனியே இருப்பதாக அவை கூறவில்லை; சேராமை ஒன்றையே கூறுகின்றன.

அடுத்த வாரம் அவரிடம் என் மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். இனிமிகா என்னும் இடத்தில் முதலில் ‘பகையானவளாய்’ என்று எழுதி அடித்துவிட்டு, ‘நண்ணாளாய்’ என்று எழுதியிருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுக்கவில்லை.